ஒரு நாள் ஆய்வுக்கூடம்

ஒரு மூலையிலிருந்து ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே வந்த ஆயா, பாதியில் நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் மூன்று ஜமுக்காளங்கள் கிடந்தன. மேடைமேல் இருந்த புனிதப் புத்தகம் தாளாளர் அறைக்குப் போயாயிற்று. அதைத் தாங்கும் மரச் சட்டத்தைப் பழைய போர்வையில் சுற்றி விளக்குமாறு வைக்கும் அறையில் சாய்த்தாயிற்று. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நீள மேசைகள் வர வேண்டும். வந்தால் எண்ணெய்க் கறை போகத் தேய்க்க வேண்டும். எல்லாம் இன்று சாயந்தரத்துக்குள்.

பதினோரு வருஷமாக அவள் பெருக்கித் துடைக்கும் பிரார்த்தனைக் கூடம் அது. அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் கொடுத்த பணத்தில் எழும்பியது. கட்டிடம் எழும்பிய கையோடு உள்ளே மேடை வந்தது, ஜமுக்காளம் வந்தது. கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட வரவில்லை. மானியத்தில் கட்டிய அறையில் மதக் காரியம் கூடாது என்பது விதி. விதியை மீறினால் ஆசிரியர் சம்பளம் முதற்கொண்டு எல்லா மானியமும் நின்றுபோகும். அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அதிகாரி வருகிற ஒரே ஒரு நாள், கூடம் ஆய்வுக்கூடமாகிவிடும்.

வாசலில் இரண்டு கொக்கிகளில் தொங்கிய பலகைக்கும் இரண்டு முகம். ஒரு பக்கம் ‘பிரார்த்தனைக் கூடம்’. திருப்பி மாட்டினால் ‘ஆய்வுக்கூடம்’. இரண்டையும் எழுதியது ஆயாவின் புருஷன்தான். நல்ல கைக்காரன், எழுத்தெல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயரை வெளிச்சுவரில் எழுதும்போது ஏணி சறுக்கி விழுந்து இடுப்பு மூட்டு நொறுங்கியதோடு அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். அந்த வாரப் பிரார்த்தனையில் அவன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருந்தால் ஆய்வுக்கூட உதவியாளர் என்று ஒருவர் வேண்டும். அந்த இடத்துக்கு அரசாங்கச் சம்பளம் உண்டு. இரண்டு மாதம் முன்னால் தாளாளர் அவளைக் கூப்பிட்டு, “ஆய்வு நல்லபடியா முடியட்டும், அந்த இடம் உனக்குத்தான்” என்று சொல்லியிருந்தார். சம்பளத்தைவிட அவள் மனசில் ஒட்டிக்கொண்டது, அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அட்டை இருந்தால் புருஷனின் இடுப்பு மூட்டை மாற்றிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கான படிவமும் கொடுத்திருந்தார்கள். அதில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாயிற்று. அட்டை எண் எழுதும் கட்டம் மட்டும் காலி.

“ஆயாம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று சொல்லிக்கொண்டு அறிவியல் டீச்சர் உள்ளே வந்தாள். மூக்கில் முந்தானை, கையில் ஒரு பழுப்புப் பாட்டில். மூடியைத் திறந்து மேசை இருக்கப்போகும் இடமெல்லாம் இரண்டிரண்டு சொட்டு விட்டாள். கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்பியது.

“ஐயோ, என்ன டீச்சர் இது, இப்படி நாறுது?”

“அமோனியா. ஊதுபத்தி வாசம் சுவத்துக்குள்ளயே ஏறிக் கிடக்கு. ஆய்வுக்கூடம்னா கொஞ்சமாவது நாறணுமில்ல?”

ஆயாவுக்குச் சிரிப்பு வந்தது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்திருப்பார்கள். திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரோடும் சேர்ந்து சிரிப்பதில்லை.

திங்கட்கிழமை காலை தாளாளர் எல்லோரையும் கூட்டி நிற்க வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார். “மொட்டைக் கடுதாசி. ஆய்வுக்கூடத்துல பிரார்த்தனை நடக்குதுன்னு மேல எழுதிப் போட்டிருக்காங்க. நம்ம உப்பைத் தின்னுட்டு நம்மளயே காட்டிக்குடுக்கிற ஆள் இங்கதான் நிக்கிறாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களா வந்து ஒத்துக்கிட்டா அவங்களுக்கு நல்லது.” தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிரித்து யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

அன்றைக்குப் பிடித்த சனி. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு வெயிலுக்கும் வெக்கைக்கும் தாவியது. அடையாள அட்டைக்கு என்று சொல்லி எல்லோரிடமும் நாலு வரி எழுதி வாங்கினார் கிளார்க். எதற்கு என்று தெரியாதவர் யாரும் இல்லை. தலைமையாசிரியை தன் கையெழுத்தைக் கொஞ்சம் கோணலாக எழுதினாள் என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் ஏன் அதைச் சொல்கிறான் என்று வேறு சிலர் யோசித்தார்கள்.

ஆயா சந்தேகப்பட்டது அறிவியல் டீச்சரைத்தான். ஆறு வருஷமாகக் கரும்பலகையில் குடுவையும் குழாயும் வரைந்து வரைந்தே பாடம் நடத்துகிறவள். ‘பிள்ளைங்க நெசமான அமிலத்தைக் கண்ணால பார்த்ததில்ல’ என்று எத்தனை தடவை புலம்பியிருக்கிறாள்! புலம்புகிறவள் எழுதாமலா இருப்பாள்? எழுதி, மானியம் நின்று, இடமும் போனால் என் புருஷன் கதி என்ன என்று நினைத்தபோது, அந்தப் பழுப்புப் பாட்டிலைப் பிடுங்கி அவள் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றுகூட ஆயாவுக்கு ஆத்திரம் வந்தது.

டீச்சர் பாட்டிலை மூடிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஆயாம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எழுதலையே?”

“நானா?” ஆயாவின் கையிலிருந்த ஜமுக்காளம் நழுவியது. “நான் எதுக்கு டீச்சர் எழுதறேன்? எனக்குச் சோறு போடுற இடம் இது.”

“இல்ல... ஏணியிலேருந்து விழுந்தவருக்கு ஒண்ணுமே செய்யலைன்னு உங்களுக்கு மனசுல இருக்குமில்ல? அதான் கேட்டேன்.”

“நானும் உங்களைத்தான் நினைச்சேன்” என்று ஆயா சட்டென்று சொல்லிவிட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டீச்சர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். போகிறவளைப் பார்த்தபடியே ஆயாவுக்கு வேறொரு நினைப்பு வந்தது. இந்தக் கூடத்தின் கதையை அவள் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கும் ஆள் இன்னொருவன் இருக்கிறான். எழுத்து அழகாக வரும் ஆள்.

வீட்டுக்குப் போனதும் கால்கூடக் கழுவாமல் அவன் முன்னால் போய் நின்றாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, உடைந்த குடையொன்றின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

“ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. மேலிடத்துக்கு எதுவும் எழுதிப் போட்டீங்களா?”

“போட்டேனே.”

அவளுக்கு உயிரே போய்விட்டது.

“போன வருஷம், கழிவுத் தண்ணி வாய்க்காலை மூடச் சொல்லி எழுதினேன். நீதான் தபால்ல போட்டே. இன்னும் மூடலை” என்றான் அவன், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“விளையாடாதீங்க. கூடத்தைப் பத்தி எழுதினீங்களான்னு கேக்கறேன்.”

அவன் குடையைக் கீழே வைத்தான். “பலகைக்கு ரெண்டு பக்கமும் எழுதினவனே நான்தான். எழுதிப் போட்டா முதல்ல என்னைத்தானே பிடிப்பாங்க? போடி பைத்தியக்காரி.” அவள் பக்கம் திரும்பினான். “அது கிடக்கட்டும். அந்த இடம் உனக்குத்தான்னு சொன்னாரே, உன் பேரு மேல போயிருக்கா? கையில ஏதாவது தாள் வந்திருக்கா?”

“ஆய்வு முடிஞ்சதும் அனுப்புவாரு.”

“ஆய்வு முடிஞ்சப்புறம் எதுக்கு அனுப்பணும்? இப்பவே அனுப்பினா என்ன?”

“உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்” என்று சொல்லிவிட்டு அவள் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கிளார்க் கொடுத்தது. அக்குளில் பிடித்தது. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து விரலளவு விட்டுத் தைத்தாள். போட்டுக் காட்டியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அடேயப்பா, டாக்டரம்மா! என் இடுப்பை நீயே மாத்திவிட்டுடு, ஆஸ்பத்திரி எதுக்கு?” என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். நாளைக்குச் சாயந்தரம் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று படிவத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை வேனில் பெட்டிகள் வந்து இறங்கின. நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு நுண்ணோக்கிகள், அடுப்புகள், கண்ணாடிச் சாமான்கள், ஆணியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. எலும்புக்கூட்டின் நெற்றியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதியிருந்தது. கிளார்க் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். மேடையை மறைக்க அதையே முன்னால் நிறுத்தினார்கள்.

போன தடவை வந்த அதிகாரி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இவர் புது ஆள். பிள்ளைகள் பரிசோதனை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஒரு வகுப்பே தேவைப்பட்டது. எந்தக் குடுவையை யார் பிடிக்க வேண்டும், எப்போது நீலம் சிவப்பாகும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அறிவியல் டீச்சர் இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மணி அடித்தது. ஆயா வெள்ளைக் கோட்டோடு உள்ளே முதல் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாசலில் நின்றார்கள். குனிந்தார்கள். வழக்கம்போலச் சப்பாத்துகளைக் கழற்றி, சோடி சோடியாக, முனை வெளியே பார்க்கும்படி சுவரோரமாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். பதினோரு வருஷமாக அந்த வாசலில் நின்று ஆயா பழக்கிவைத்த பழக்கம். சின்ன வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இந்தக் கூடத்தில் அவள் முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான். அவளுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. அவளும் வெறுங்காலோடுதான் நின்றாள். டீச்சரும் வெறுங்காலோடுதான் நின்றாள்.

அதிகாரி தாளாளரோடும் கிளார்க்கோடும் பேசிக்கொண்டே வந்தார். பலகையைப் படித்தார். ஒரு காலைப் படியில் வைத்தவர், கீழே பார்த்து நின்றுவிட்டார். சுவரோரம் நாற்பத்திரண்டு சோடிச் சப்பாத்துகள் நூல் பிடித்தமாதிரி நின்றன.

உள்ளே இருந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் தன் பாதத்தைப் பார்த்தாள். ஆயா தன் பாதத்தைப் பார்த்தாள். ஒரு பையன் கையிலிருந்த குடுவையில் நீலம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஆளில்லை.

“அமிலம் புழங்குற இடம். செருப்பில்லாமலா நிக்கிறாங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“சுத்தம் சார்” என்றார் தாளாளர். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. “எங்க பிள்ளைங்களுக்குச் சுத்தமும் ஒழுக்கமும்தான் முதல்ல. அப்புறம்தான் படிப்பு.”

அதிகாரி தலையை நிமிர்த்தினார். எலும்புக்கூட்டின் விலா வழியாகத் தெரிந்த மேடையைப் பார்த்தார். சுவரில் ஆளுயரத்துக்குப் படிந்திருந்த ஊதுபத்திப் புகையைப் பார்த்தார். தாளாளரின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு உள்ளே வந்தார்.

அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் மேசை மேசையாக நின்று, ஒரு பிள்ளையிடம் “நல்லா செய்யறே” என்றார். கோணலாகக் கிடந்த அவருடைய சப்பாத்தை ஆயாவின் கண் ஓரமாகப் பார்த்தது. கை துறுதுறுத்தது. போய் அதையும் திருப்பி நேராக வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு தாளாளர் அறைக் கதவு அரை மணி நேரம் சாத்திக் கிடந்தது. வெளியே வந்த அதிகாரி யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறினார். ஆய்வுக்கூடம் திருப்தி, சுத்தம் சிறப்பு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்று கிளார்க் வந்து சொன்னார். வாட்ச்மேன் கை தட்டினான். மேசைகள் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நுண்ணோக்கிகள் வேனுக்கும் திரும்பின. கோட்டை மடித்து அலமாரியில் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டிருந்தபோது தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

தாளாளர் உட்காரச் சொல்லவில்லை.

“செருப்பை வரிசையா வைக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலீங்கய்யா. பிள்ளைங்க பழக்கத்துல...”

“பழக்கமா? அதிகாரி வர்ற நேரம் பார்த்து, அவர் கண்ணுல படுற மாதிரி நாப்பத்திரண்டு சோடி. அவருக்குக் காட்டிக்குடுக்கத்தானே?”

“ஐயோ, சத்தியமா இல்லீங்கய்யா. தினமும் அப்படித்தானே வைக்கறாங்க. ஐயாவும் பார்த்திருக்கீங்களே.”

“மொட்டைக் கடுதாசி, அப்புறம் இது. எனக்கு ரெண்டும் ரெண்டாத் தெரியலை.” அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். “உன் வீட்டுக்காரனுக்கு எழுத்து அழகா வரும்னு எனக்குத் தெரியும். வேற ஒருத்தரா இருந்தா உன்னை இன்னைக்கே வெளியே அனுப்பியிருப்பாங்க. நான் அப்படிச் செய்யமாட்டேன். நீ பாட்டுக்குக் கூடத்தைப் பெருக்கு. ஆனா அந்த இடத்துக்கு நம்பிக்கையான ஆளாப் போடணும்.”

இல்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? அவள் பார்க்காத தாள், அவள் எழுதாத எழுத்து. அழுகைதான் வந்தது. அவர் எதிரே அழுதது அவளுக்குப் பிறகு நாள் முழுவதும் அவமானமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, படிவத்தையும் மறந்துபோனாள்.

வீட்டில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ‘நீங்க எழுதலைதானே?’ என்று மறுபடியும் ஒருமுறை கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை வேளையில், பலகையைத் திருப்பி மாட்டச் சொல்லிக் கிளார்க் வந்தார்.

“மறுபடியும் ஆய்வாங்க?”

“ஆய்வெல்லாம் முடிஞ்சுபோச்சு. உதவியாளர் இடத்துக்கு உத்தரவு வந்திருச்சு. கோப்புக்கு ஒரு போட்டோ வேணும், ஆளு ஆய்வுக்கூடத்து முன்னால நிக்கிற மாதிரி. அஞ்சு நிமிஷ வேலை.”

“யாருக்குங்க வந்திருக்கு?”

“தாளாளரோட தங்கச்சி மருமக.” கிளார்க் பலகையின் தூசியை ஊதினார். “உத்தரவு சீக்கிரம் வந்திருச்சு, பரவாயில்ல. நாம அனுப்பியே மூணு மாசம்கூட ஆகலை.”

ஆயா கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. மூன்று வாரம் முன்னால்தானே ஆய்வு. அதற்கும் இரண்டு மாதம் முன்னால். இடம் உனக்குத்தான் என்று அவர் சொன்ன அதே சமயம்.

“அப்ப, அந்த மொட்டைக் கடுதாசிக்கு முன்னாலயே அந்தப் பொண்ணு பேரு போயிருச்சா?”

கிளார்க் அக்கம்பக்கம் பார்த்தார். “எந்தக் கடுதாசி? தபால் பதிவேடு என்கிட்டதானக்கா இருக்கு. அப்படி ஒண்ணு வரவேயில்ல. இது மூணு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற ஆய்வு, தேதி போன வருஷமே குறிச்சது. அவரு தூக்கிக் காட்டினாரே, அது வேன் ரிப்பேர் ரசீது.” சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, “நான் எதுவும் சொல்லலை, சரியா? நானும் பிள்ளைகுட்டிக்காரன்” என்று முடித்தார்.

அவள் பலகையைத் திருப்பி மாட்டினாள். ஆய்வுக்கூடம். எழுத்து இன்னும் பளபளவென்றுதான் இருந்தது.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தாள். “அக்கா, நான் இங்க என்ன வேலை செய்யணும்?” என்று ஆயாவைத்தான் கேட்டாள்.

“மாசம் ஒருதடவை வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்மா” என்றார் கிளார்க்.

வெள்ளைக் கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. படத்தில் நன்றாக இருக்காது என்று கிளார்க் சொன்னார். ஆயா தன் வளையலில் மாட்டியிருந்த இரண்டு ஊக்குகளைக் கழற்றி, அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தான் பிரித்துவிட்ட துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் குத்தினாள். உடம்பில் படாமல், பார்த்து, மெதுவாகக் குத்தினாள்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண் கோட்டுப் பைக்குள் விட்டாள். மடித்த தாள் ஒன்று கையில் வந்தது. பிரித்துப் பார்த்தாள்.

“அக்கா, இது உங்களுதா? ஆஸ்பத்திரிப் படிவம்.” மேலிருந்து கீழே படித்தாள். “எல்லாம் எழுதியிருக்கீங்க. அட்டை எண் மட்டும் எழுதலையே?”

“ஆமா. எழுதலை.”

ஆயா அதை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கிளார்க் படம் எடுத்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், உள்ளே வாம்மா என்றார். பெண் வாசலில் நின்று, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி உதறிவிட்டு உள்ளே போனாள். ஒன்று படிமேல் கவிழ்ந்து கிடந்தது, இன்னொன்று தள்ளிப் போய் விழுந்தது.

ஆயா பலகையை மறுபடியும் திருப்பி மாட்டினாள். பிறகு குனிந்து இரண்டு செருப்பையும் எடுத்து, அந்தப் பெண் வெளியே வந்ததும் கால் நுழைக்க வசதியாக, முனை வெளியே பார்க்கும்படி சேர்த்து வைத்தாள்.